தலைக்கணக்கு

எண்ணுகிறவன், எண்ணப்படுகிறவன் என்று உலகத்தில் இரண்டு வகையார் உண்டு. மலாய் நாட்டிற்குக் கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது ஓர் எண்ணிக்கை. பினாங்கில் இறங்கி ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டபோது ஓர் எண்ணிக்கை. தோட்டம் போய்ச் சேர்ந்த பின்பு நாள்தோறும் விடியற்காலைப் பெரட்டில் ஓர் எண்ணிக்கை. இந்த எண்ணிக்கை வெறும் சடங்கன்று. வேலைக்குத் திரண்ட தலை ஒன்றுக்கு இத்தனை காசு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. 1907ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் துரைமார்கள் செலுத்த வேண்டியிருந்த பணமும், ஆட்கள் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டே விதிக்கப்பட்டது. ஆகவே, கணக்கு எவர் கையில் இருந்ததோ அவர் கையில் காசும் இருந்தது. எண்ணப்பட்டவன் கையில் என்ன இருந்தது என்பதை நாம் எடுத்துக் காட்ட வேண்டியதில்லை.

1938ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதோடு, கங்காணி ஊருக்குப் போய் ஆள் பிடித்து வருகிற முறையும் ஓய்ந்தது. ஆனால் தலைக்கணக்கு ஓயவில்லை. அது தோட்டத்தை விட்டு நகரத்திற்கு வந்து, நகரத்தை விட்டு ஒவ்வொருவருடைய சட்டைப் பைக்குள்ளும் குடிபுகுந்திருக்கிறது. இன்று நம்மவர் கையிலிருக்கும் கைப்பேசியே பெரட்டுக் களம். அதில் யார் எண்ணுகிறார், யார் எண்ணப்படுகிறார், அந்த எண்ணிக்கையைக் கொண்டு யார் காசு பண்ணுகிறார் என்பதைப் பற்றியே இங்குச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

நாம் செபராங் பிறையில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஆபீசில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். ஆள் கணக்கும் குலைக் கணக்கும் எழுதுவது நமது தொழில். ஆங்கில வழியில் படித்தவராயிருப்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் ஜார்ஜ் டவுனுக்குப் போகும்போது, அங்குள்ள சில கடைக்காரர்களுக்கு அவர்களுடைய வலைக்கடைக் கணக்குகளை வாசித்துப் பொருள் சொல்லும் வேலையும் நம்மிடம் வந்து சேர்ந்தது. ஆகவே, இரண்டு விதமான கணக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சந்தர்ப்பம் நமக்கு வாய்த்தது. அவ்வாறு பார்த்ததில் நம் மனத்தில் பட்டதையே எழுதுகிறோம்.

இன்று ஒரு வியாபாரி வலைத்தளத்தில் கடை திறந்தால், கடைக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தச் சரக்கை எத்தனை வினாடி பார்த்தார்கள், எந்த இடத்தில் மனம் மாறித் திரும்பிப் போனார்கள் என்பதையெல்லாம் ஒரு யந்திரம் கணக்கெடுத்து, வர்ணக் கோடுகளாக வரைந்து காட்டுகிறது. இதைக் கண்டு பிரமிப்பவர்கள் பலர். அதன் உள்வேலை அவ்வளவு பிரமாதமானதன்று. வலைப்பக்கத்தினுள் சில வரிகளே கொண்ட ஒரு நிரல் மறைந்திருக்கிறது. பக்கம் திறந்தவுடன் அது கணக்கெடுக்கும் கம்பெனியின் கணினிக்குச் செய்தி அனுப்புகிறது. வந்தவர் மறுபடி வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமே. அதற்காக அவருடைய கருவியில் ஒரு சிறு சீட்டை வைத்துவிட்டுப் போகிறது. இச்சீட்டுக்குக் ‘குக்கி’ என்று பெயர். 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் கம்பெனியில் வேலை பார்த்த லூ மொண்டுல்லி என்பவர் இந்த ஏற்பாட்டைச் செய்தார். 2005ஆம் ஆண்டில் கூகள் கம்பெனி, அர்ச்சின் என்ற கணக்கெடுப்புக் கம்பெனியை விலைக்கு வாங்கி, அவ்வாண்டு நவம்பரில் ‘கூகள் அனலிட்டிக்ஸ்’ என்ற பெயரால் அந்தக் கணக்கை உலகத்தாருக்கு இலவசமாகவே கொடுக்கத் தொடங்கிற்று. அதுமுதல் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் கிடைத்து வந்த வசதி, பினாங்கில் முறுக்கு விற்கிறவருக்கும் கிடைத்தது. இது நல்ல காரியமே. இதை நாம் குறை கூறவில்லை.

ஆனால் இந்த யந்திரம் எண்ணுவது மனிதரையன்று, கருவியை. ஒரே ஆள் காலையில் ஆபீஸ் கணினியிலும் இரவில் கைப்பேசியிலும் பார்த்தால், அவர் தம் பெயரைப் பதிந்துகொண்டு உள்ளே நுழையாத வரையில், பெரும்பாலும் இரண்டு பேராகவே எண்ணப்படுவார். ஒரே கைப்பேசியைத் தாயும் மகளும் மருமகளும் மாற்றி மாற்றிப் பார்த்தால் மூவரும் ஒருவர். குக்கிச் சீட்டு வேண்டாமென்று மறுத்தவருடைய கணக்கு பாதி தெரியும், பாதி தெரியாது. தெரியாத பாதியை யந்திரம் தானே ஊகித்து நிரப்புவதும் உண்டு. பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர் அரை மணி நேரம் கழித்துத் திரும்பினால், அது இரண்டாவது வருகை என்று பதிவாகும். பெரட்டில் கிராணி முகத்தைப் பார்த்துப் பேர் கூப்பிடுகிறார். இங்கே முகமும் இல்லை, பேரும் இல்லை; கதவு திறந்த சப்தத்தைக் கேட்டு எழுதிய கணக்கு இது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் உபகாரமானது. தெரியாமல் நம்பினால் பஞ்சாங்கம் பார்ப்பதைப் போன்றது.

பால்மரத் தோட்டத்தில் பழகியவர்களுக்கு நாம் சொல்ல வருவது எளிதில் விளங்கும். வெட்டுகிறவர் கொண்டு வந்த பாலை நிறுத்து எழுதுவதோடு ஸ்டோரில் கணக்கு முடிந்துவிடுவதில்லை. மரத்திலிருந்து வடியும் பாலிலேயே பாதிக்கு மேல் தண்ணீர். மழை நாளில் இன்னும் அதிகம். ஆகையால் ‘மெட்ரோலாக்’ என்ற மிதவைக் கருவியைப் பாலில் போட்டு, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கண்ட பின்புதான் அந்தப் பாலுக்கு மதிப்பு ஏற்படுகிறது. செம்பனையிலும் அப்படியே. நூறு கிலோ குலை ஆலைக்குப் போனால், எண்ணெயாக வருவது இருபது கிலோவையொட்டித்தான். லாரி எடையைக் காட்டி எண்ணெய் விலை கேட்பவனை எவரும் புத்திசாலி என்று சொல்லமாட்டார்கள்.

வலைக்கடையிலோ வாளி எடையைக் காட்டியே பணம் கேட்கப்படுகிறது. ‘பார்வை’, ‘வருகை’, ‘விருப்பம்’ என்பவை எல்லாம் வாளிப் பால். வாங்கினவர் தொகையே உலர்ந்த ரப்பர். அதிலும், வாங்கினவர் திரும்பவும் வாங்க வந்தாரா என்பதே எண்ணெய். இவ்வளவிலும் நீர் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லுகிறோம். இம்பெர்வா என்ற இணையப் பாதுகாப்புக் கம்பெனி 2025ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், 2024ஆம் ஆண்டின் வலைப் போக்குவரத்தில் 51 விழுக்காடு மனிதருடையதன்று, தானாக இயங்கும் நிரல்களுடையது என்று கண்டிருக்கிறது. இத்தகைய நிரல்களைத் தடுக்கும் சரக்கை விற்பதே அக்கம்பெனியின் வியாபாரம் என்பதையும் வாசகர்கள் மறக்கக்கூடாது. கூகளின் கணக்கு யந்திரம் தனக்குத் தெரிந்த நிரல்களைத் தள்ளிவிட்டே எண்ணுகிறது என்பதும் உண்மை. இருந்தாலும், தெரியாதவற்றை எப்படித் தள்ளும்?

நிற்க. நீர் கலந்திருப்பதைக் காட்டிலும் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. அது யாதெனில், தராசு எவருடையது என்பதாகும். விளம்பரத்தை விற்கிறவரே, அந்த விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதையும் எழுதிக் கொடுக்கிறார். மீன்காரன் தன் தராசில் தானே நிறுத்து, தானே படித்து, தானே விலையும் சொல்வதைப் போன்ற ஏற்பாடு இது. மீன்காரனுடைய தராசையாவது சர்க்கார் அதிகாரி வந்து சோதிக்கிறார்.

2016ஆம் ஆண்டு செப்டம்பரில், முகநூல் கம்பெனி ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. தன்னிடம் வெளியிடப்பட்ட காணொளிகளை ஜனங்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை இரண்டு ஆண்டுகளாக மிகைப்படுத்திக் காட்டி வந்ததே அவ்விஷயம். எப்படி மிகையாயிற்று? பார்க்கப்பட்ட நேரம் முழுவதையும் கூட்டி, அதை எல்லாருடைய தொகையாலும் வகுக்காமல், மூன்று வினாடிக்கு மேல் பார்த்தவர்களின் தொகையால் மட்டும் வகுத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்தால் காதைத் திருகும் கணக்கு. இதை நம்பிப் பணத்தைக் கொட்டின விளம்பரக்காரர்கள் வழக்குத் தொடுக்க, 2019ஆம் ஆண்டில் அக்கம்பெனி 4 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. 2025ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி முதல் யூடியூப் தன் குறும்படங்களுக்குப் ‘பார்வை’ என்பதன் பொருளையே மாற்றிற்று. படம் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. திரும்ப ஓடினால் இன்னொரு பார்வை. எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற கேள்வி இல்லை. இதை மறைவாகச் செய்யவில்லை, அறிவித்தே செய்தார்கள். ஆனால் அறிவிப்பைப் படித்தவர் எத்தனை பேர்? மறுநாள் தம் எண்ணிக்கை ஏறியிருப்பதைக் கண்டு, தம்முடைய கீர்த்தி ஏறிவிட்டதென்று மகிழ்ந்தவர்கள் எத்தனை பேர்? படி சிறுத்தால் நெல் பெருகியதாகத் தோன்றும்.

கூகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளம்பர இடத்தை விற்கும் பத்திரிகைகளுக்கு ஒரு கருவி, வாங்கும் வியாபாரிகளுக்கு ஒரு கருவி, இருவரும் பேரம் பேசும் சந்தை ஒன்று ஆகிய மூன்றும் அக்கம்பெனியின் கையில் இருக்கின்றன. இதில் பத்திரிகைகளின் பக்கத்துக் கருவியிலும் சந்தையிலும் அது சட்ட விரோதமாக ஏகபோகம் செலுத்தி வந்ததென்று, 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்து மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் இதே வகைக் குற்றத்திற்காக 295 கோடி யூரோ அபராதம் விதித்தது. இரண்டையும் எதிர்த்து மேல்முறையீடு செய்யப்போவதாகக் கூகள் அறிவித்தது. முடிவு எவ்வாறாயினும், வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் ஒருவரே தரகராயும், சந்தைக்குச் சொந்தக்காரராயும் இருந்தால் என்ன நடக்குமென்பதை அறிய நமக்கு நீதிமன்றம் வேண்டியதில்லை. கங்காணியே கடைக்காரனாயும், கடன் கொடுத்தவனாயும், கூலியைப் பட்டுவாடா செய்கிறவனாயும் இருந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

இனி, கணக்குப் புத்தகம் எவருடையது என்று பார்ப்போம். பினாங்கு ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார்கள் நாள்வழியும் பேரேடும் எழுதி, ஐந்தொகை எடுத்து, அவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். பேரன் காலத்தில் சந்தேகம் வந்தாலும் பாட்டன் காலத்து ஏட்டைப் பிரித்துப் பார்க்க இடமிருந்தது. கூகளின் பழைய கணக்கு முறையோ 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியோடு புதுக் கணக்கு எழுதுவதை நிறுத்திக்கொண்டது. பழைய கணக்கைப் பார்க்கிற வழியும் 2024ஆம் ஆண்டு ஜூலையில் அடைபட்டது. முன்னறிவிப்புக் கொடுத்தார்கள், எடுத்து வைத்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். எடுத்து வைக்காதவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷத்து வியாபாரச் சரித்திரம் போயிற்று. இப்போதுள்ள புதிய முறையில், தனித்தனி வருகையின் விவரங்கள் இரண்டு மாதமே வைக்கப்படுகின்றன. நாமே உள்ளே போய் மாற்றி வைத்தால், இலவசக் கணக்கில் பதினான்கு மாதம் வரை இருக்கும். மொத்தத் தொகைகள் மட்டும் அதற்குப் பின்னும் தெரியும். சென்ற தீபாவளியில் யார் எந்த வழியாக வந்து வாங்கினார் என்று நுணுகிப் பார்க்க விரும்பும் கடைக்காரர், இந்த ஒரு சிறு மாற்றத்தைச் செய்யாததால் வெறுங்கையோடு நிற்கிறார். இரவல் ஏட்டில் எழுதிய கணக்கு இப்படித்தான் முடியும்.

இவையெல்லாம் அமெரிக்கா, ஐரோப்பா சங்கதி, நமக்கென்ன என்று எண்ணுவோருக்காக, நம் கண்முன் நடந்த ஒன்றைக் கூறுகிறோம். லெபோ பாசார் என்று இப்போது வழங்கும் மார்க்கெட் ஸ்திரீட்டுக்கு அருகில் ஒரு ஜவுளிக் கடை. தகப்பனார் நடத்தி வந்ததை மகன் ஏற்று நடத்துகிறார். வலையிலும் விற்கிறார். அவருக்கு விளம்பரம் செய்து கொடுக்க வெளியூர் ஏஜெண்டு ஒருவர் அமர்ந்தார். மாதம் 1,800 வெள்ளி. மாத முடிவில் ஏஜெண்டு கொடுத்த அறிக்கையில் இரண்டு லட்சம் ‘பார்வை’ என்று கண்டிருந்தது. முதலாளி அதைக் கண்டு பூரித்துப் போனார். கடையில் இருபது வருஷத்திற்கு மேலாக வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் உண்டு. அவரை அனுப்பிவிட்டு, அவருடைய சம்பளத்தையும் விளம்பரத்தில் போடலாமா என்ற யோசனை முதலாளிக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மைக் கூப்பிட்டு அறிக்கையைக் காட்டினார்.

“கிராணியாரே, இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் நான்கு லட்சம் ஆகுமல்லவா?”

“பார்த்தவர் இருக்கட்டும் முதலாளி. வாங்கினவர் எத்தனை பேர்?”

அறிக்கையில் அந்த வரி இல்லை. ஆகவே நாம் ஒரு யோசனை சொன்னோம். தீபாவளிக்கு முந்தின ஆறு வாரமும், கடையிலானாலும் வலையிலானாலும், பில் போடும் ஒவ்வொருவரிடமும் ‘எங்கள் கடையை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?’ என்று ஒரே கேள்வி கேட்டு, ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் குறித்து வரச் சொன்னோம். முதலாளிக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் இரண்டு வெள்ளி நோட்டுப் புத்தகந்தானே என்று சம்மதித்தார்.

ஆறு வாரத்தில் 412 பில். அவற்றில் பழைய வாடிக்கைக்காரரும் அவர்கள் சொல்லி வந்தவர்களும் 300க்கு மேல். விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் 23 பேர். பழைய வாடிக்கைக்காரர் எப்படி வந்தார்கள் என்று விசாரித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. அந்தப் பெரியவர் இரவு கடை சாத்திய பின்பு, தம்முடைய கைப்பேசியில் ஒவ்வொருவருக்கும் குரல் செய்தி அனுப்பி வந்திருக்கிறார். “அம்மா, சென்ற வருஷம் மகளுக்கு எடுத்தீர்களே, அதே கரை வந்திருக்கிறது. மருமகனுக்கு வேட்டியும் எடுத்து வைத்திருக்கிறேன்” என்கிற தோரணையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே. எவரும் சொல்லிச் செய்ததன்று. ஆகையால் எந்த அறிக்கையிலும் அது ஏறவில்லை. யந்திரத்தின் கணக்கில் அவர் செலவு. நோட்டுப் புத்தகத்தின் கணக்கில் அவரே வரவு.

ஏஜெண்டுக்கும் நியாயம் செய்ய வேண்டும். விளம்பரத்தால் வந்த 23 பேரில் பெரும்பாலோர் கூலிம், சுங்கைப் பட்டாணி பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். இந்தக் கடையின் பேரையே அதற்கு முன் கேட்டறியாதவர்கள். அவர்களைப் பெரியவரால் கொண்டு வந்திருக்க முடியாது. ஆனால் இரண்டு லட்சம் பார்வையில் ஒரு பெரும் பகுதி, கடைக்காரர் சரக்கு அனுப்பாத அந்நிய நாட்டு ஊர்களிலிருந்து வந்தது. அந்தப் பார்வைக்கும் இவரே பணம் கொடுத்தார். முடிவில் முதலாளி விளம்பரச் செலவை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, அதைக் கெடாவுக்கும் செபராங் பிறைக்கும் மட்டும் திருப்பிவிட்டார். பெரியவர் கடையிலேயே இருக்கிறார். ஒரு வர்ணக் கோட்டின் மேல் தம் பிழைப்புத் தொங்கிக்கொண்டிருந்தது அவருக்கு அப்போது தெரியாது. இப்படித் தெரியாமலே வேலை இழந்தவர்கள் பினாங்கிலும் ஈப்போவிலும் கிள்ளானிலும் எத்தனை பேரோ!

இலவசமாக ஆள் அனுப்பி வந்த வழியும் குறுகிக்கொண்டே வருகிறது. முன்பு ஒருவர் கூகளில் ஒன்றைத் தேடினால், அது விடையுள்ள தளங்களின் பட்டியலைக் காட்டும். அவர் அங்கே போவார். இப்போது செயற்கை அறிவு எழுதிய சுருக்கமே மேலே நிற்கிறது. பியூ ஆராய்ச்சி நிலையம் 900 அமெரிக்கர்கள் 2025ஆம் ஆண்டு மார்ச்சில் செய்த தேடல்களை ஆராய்ந்து, சுருக்கம் தோன்றிய தேடல்களில் 8 விழுக்காட்டிலேயே தளத்தின் இணைப்பைத் தொட்டார்கள், சுருக்கம் தோன்றாதவற்றில் 15 விழுக்காட்டில் தொட்டார்கள் என்று தெரிவித்தது. நம் நாட்டுக் கணக்கு இதுவன்று. போகிற திசையை அறிய இது போதும். பிறர் வாசலில் நின்று ஆளை எதிர்பார்ப்பவன், அந்த வாசல் சாத்தப்படும் நாளையும் எதிர்பார்த்தே ஆக வேண்டும்.

இதுவரை வியாபாரியைப் பற்றிச் சொன்னோம். வாங்குகிறவர்களாகிய நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டாமா? தோட்டத்து லயத்தில் வேலை முடிந்து குளித்து, வாசலில் உட்கார்ந்து கைப்பேசியை விரலால் தள்ளிக்கொண்டிருக்கும் இளைஞன், தான் சும்மா பொழுது போக்குவதாக எண்ணுகிறான். உண்மையில் அவன் வெட்டப்படும் பால்மரம். நாள்தோறும் ஒரு மெல்லிய சீவல், மரத்திற்கு வலி தெரிவதில்லை, கோப்பை நிரம்புகிறது. எந்தப் படத்தில் அவன் விரல் நின்றது, எந்தக் கடனுக்கு மனு எழுதிப் பாதியில் விட்டான், எந்த வியாதிக்கு மருந்து தேடினான் என்பதெல்லாம் அந்தக் கோப்பையில் விழுகின்றன. மரத்திற்காவது உரம் போடுகிறார்கள்.

இவ்விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் முற்றிலும் உறங்கவில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டு நவம்பரில் அமுலுக்கு வந்தது. 2024ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டில் படிப்படியாக அமுலாயிற்று. சட்டத்தின் கோட்பாடுகளை மீறுவோருக்கு அதிகபட்ச அபராதம் 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளியாக உயர்ந்தது. 2025ஆம் ஆண்டு ஜூன் முதல், வாடிக்கைக்காரரின் விவரங்கள் கசிந்துபோனால் 72 மணி நேரத்திற்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டுமென்ற கடமையும் ஏற்பட்டது. பினாங்கில் வாடிக்கைக்காரர் பேரும் கைப்பேசி எண்ணும் எழுதி வைத்திருக்கும் கடைக்காரர்கள், இச்சட்டம் பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. ஜவுளிக் கடைப் பெரியவரைப் போல அன்போடு அனுப்பினாலும், வேண்டாமென்று ஒருவர் சொன்னால் அவர் பேரை அடித்துவிடுவதே மரியாதையும் சட்டமும் ஆகும்.

“அப்படியானால் எண்ணிக்கையே வேண்டாமென்கிறீர்களா? பழைய காலத்துக்கே திரும்பிப் போகச் சொல்லுகிறீர்களா?” என்று சிலர் கேட்கலாம். நாம் அவ்வாறு சொல்லவில்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிற நாம் கணக்கைப் பழிப்போமா? செக்ரோலில் பேர் ஏறியிருப்பதாலன்றோ, கூலி தரவில்லையென்று தொழிலாளர் நீதிமன்றத்தில் கேட்கத் தொழிலாளிக்கு ஆதாரம் கிடைக்கிறது. எண்ணிக்கை ஏழைக்கும் துணையாகும். அவன் அதைப் படிக்கத் தெரிந்தவனாகவும், எழுதியவன் யாரென்று கேட்கிறவனாகவும் இருந்தால். நாம் எதிர்ப்பது எண்ணை அன்று; எண்ணின்மேல் வைக்கும் குருட்டு நம்பிக்கையை. கௌளி சொல்லுக்குப் பயந்து பிரயாணத்தை ஒத்திப்போட்டவனைப் பார்த்துச் சிரிக்கும் படித்த இளைஞர், பச்சைக் கோடு மேலே போனால் கடன் வாங்கவும், சிவப்புக் கோடு கீழே போனால் கடையை மூடவும் துணிகிறார். கோடு ஏன் ஏறிற்று, எதை எண்ணிற்று, எதை எண்ணாமல் விட்டது என்று கேட்கவில்லை. காரணம் கேளாமல் நம்புவதற்குப் பெயர் மூடநம்பிக்கை. அது பல்லியின் வாயிலிருந்து வந்தாலும், கணினியின் திரையிலிருந்து வந்தாலும் ஒன்றே.

“பெரிய கம்பெனிகளை எதிர்த்து நாம் என்ன செய்ய முடியும்?” என்பது இன்னொரு கேள்வி. எதிர்க்கச் சொல்லவில்லை, அவற்றின் கருவியை உபயோகித்துக்கொண்டே, சொந்தக் கணக்கைக் கைவிடாதிருக்கச் சொல்லுகிறோம். முதலாவது, ஒவ்வொரு கடையிலும் ஒரு நாள்வழி இருக்க வேண்டும். அதில் விற்ற தொகையோடு, வாங்கினவர் எவ்வழியாக வந்தார் என்பதும் ஏற வேண்டும். இரண்டாவது, வலையில் உள்ள கணக்கை மாதந்தோறும் இறக்கித் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, விளம்பர ஏஜெண்டு அறிக்கை கொண்டு வந்தால், அவர் காட்டும் முதல் எண்ணைப் பார்க்காமல், காட்டாத எண் எது என்று கேட்க வேண்டும். ஒரு வாடிக்கைக்காரரைக் கொண்டு வர எத்தனை வெள்ளி செலவாயிற்று, அவர் மறுபடியும் வந்தாரா என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைக்கும் வரையில் அடுத்த மாதப் பணத்தைக் கொடுக்கலாகாது. நான்காவது, வாடிக்கைக்காரரிடம் தேவைக்கு மேல் ஒரு விவரமும் கேட்கலாகாது. கேட்டு வைத்தால் காக்க வேண்டும். காக்க முடியாததைக் கேளாதிருப்பதே சிக்கனம்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது கடைக்காரருக்கன்று, நம் சங்கங்களுக்கு. பட்டிமன்றத்திற்கும் பாராட்டு விழாவிற்கும் மண்டபம் எடுக்கும் நம்மவர்கள், வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இந்தக் கணக்குகளை வாசிப்பதெப்படி என்று தமிழிலே சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்யலாகாதா? கேக் செய்து விற்கும் பெண்கள், பூக்கட்டி விற்கும் தாய்மார்கள், தோட்டத்திலிருந்து ஊறுகாய் போட்டு அனுப்பும் குடும்பங்கள் ஆகிய இவர்களே இன்று வலையில் கடை திறந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் அறிக்கையோ ஆங்கிலத்தில். ஆங்கிலம் தெரிந்த நாலு பேர் நாலு மணி நேரம் ஒதுக்கினால் ஆகிற காரியம் இது. தமிழ்ப் பள்ளிகளிலும் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சராசரி, விழுக்காடு என்பவற்றைச் சொல்லிக் கொடுக்கும்போது, மாம்பழக் கணக்கோடு இந்தக் கணக்கையும் ஒன்றிரண்டு சேர்த்தால் குற்றமில்லை.

நம் பாட்டன்மார் பெரட்டில் நின்றபோது, கிராணி என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க அவர்களுக்கு எழுத்தும் தெரியாது, உரிமையும் இல்லை. நமக்கு எழுத்துத் தெரியும், உரிமையும் உண்டு. கேட்பதற்கு வாய் திறக்க வேண்டியதே பாக்கி. அடுத்த மாத அறிக்கை வரும்போது, வாசகர்கள் அந்த ஒரு கேள்வியையாவது கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம்: “இதை எண்ணியவர் யார்? எண்ணியதற்கு அவருக்குக் கூலி கொடுத்தவர் யார்?”